நெகட்டிவ் பக்கம்

கஸ்தூரிரங்கன் மாமா அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவின் ஸ்வெட்டர் பைக்குள் மொபைல் அடித்தது.

மாமாவின் கை நின்றது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களின் அழுகையும் நின்றது. சாம்பல் நிறக் கம்பளிக்குள்ளிருந்து வெளிச்சம் தெரிந்து மறைந்து மறுபடி தெரிந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கடைசியில் ஜ்யோத்ஸ்னாதான் முட்டி போட்டு உட்கார்ந்து பைக்குள் கையை விட்டாள். மொபைலோடு இரண்டு ஏலக்காயும் வந்தன.

“ஹலோ, ராமசுப்ரமணியன் சாருங்களா?”

“சொல்லுங்கோ,” என்றாள்.

“மேடம், என் பேரு வேணு. ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். என் ஒய்ஃபுக்கு விடியக்காலம் டெலிவரி ஆச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது மேடம். ஓ நெகட்டிவ். இங்க இருந்ததை ஏத்திட்டாங்க, இன்னும் வேணும், எங்கேருந்தாவது கொண்டாங்கன்னு சொல்றாங்க. ஆபீஸ்ல ஃப்ரெண்டு ஒருத்தன் சாரோட வெப்சைட்டைப் பாத்தான். எல்லாப் பக்கமும் வருது, நெகட்டிவ் பக்கம் மட்டும் வரலையாம். அதுவரைக்கும் இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லிப் போட்டிருக்காம். சார் இருக்காரா?”

அப்பா தெற்கே தலைவைத்து, போர்வைக்கு வெளியே முகம் மட்டும் தெரியப் படுத்திருந்தார். நேற்று ஷேவ் செய்துகொள்ளவில்லை போலிருக்கிறது. தாடையில் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது.

“மேடம்?”

“நான் அவர் பொண்ணு. இந்த நம்பர்தானே? நான் உடனே கூப்பிடறேன்.”

“உடனே மேடம். ப்ளீஸ்.”

அவள் எழுந்தாள். கஸ்தூரிரங்கன் மாமா முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். மேல் மாடிக்காரர், சொசைட்டி செக்ரட்டரி. காலையில் டாக்டரை அழைத்து வந்தவரும், அவர் உதட்டைப் பிதுக்கியதும் கட்டிலிலிருந்து அப்பாவை இறக்கிப் போட்டவரும், காரியம் செய்துவைக்க வாத்தியாருக்கும் நிகம்போத் காட் சுடுகாட்டுக்கும் சொல்லி வைத்தவரும் அவர்தான்.

“யாரும்மா?”

“ரத்தம் வேணுமாம், மாமா. ஓ நெகட்டிவ்.”

“இன்னிக்கா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “விஷயத்தைச் சொல்லிட்டு வெச்சுடும்மா. புரிஞ்சுப்பா. மொபைலை ஆஃப் பண்ணிடு. உங்கண்ணா வெங்கி உன் நம்பருக்குத்தானே கூப்பிடப் போறான்?”

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் ஆஃப் பண்ணவில்லை.

ஹாலின் கோடியில், சாப்பாட்டு மேஜைக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில், கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அப்பா அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்துதான் அம்மாவைக் கூப்பிட்டு, நெஞ்சு என்னமோ பிடிச்சாப்பல இருக்கு என்றார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஜ்யோத்ஸ்னா மவுஸை அசைத்ததும் இருண்டிருந்த திரை விழித்துக்கொண்டது. ‘நெகட்டிவ் ரத்தம் தருபவர்கள்’ என்ற தலைப்பும், அதன் கீழே ஒரு காலிக் கட்டமும், கட்டத்துக்குள் துடித்துக்கொண்டிருந்த கோடும்.

தொண்ணூற்றாறில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனானபோது பி நெகட்டிவ் கிடைக்காமல் அப்பா டில்லி முழுக்க அலைந்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப்பொடிக் கடையில் வாய்விட்டுப் புலம்பியதைக் கேட்டு, முன்பின் தெரியாத ஒருவர் கூடவே ஸ்கூட்டரில் ஏறி வந்தார். அதிலிருந்து அப்பாவுக்கு இது ஒரு வேலையாகிவிட்டது. கோயிலில், சபாவில், கல்யாண வீட்டில், யாரைப் பார்த்தாலும் முதலில் ஊர், அப்புறம் ரத்தம். ஜ்யோத்ஸ்னா காலேஜில் படித்தபோது, இணையத்தில் இலவசமாகப் பக்கம் கட்டிக்கொள்ள இடம் கொடுத்த ஒரு அமெரிக்கக் கம்பெனியைக் காட்டிக் கொடுத்தாள். புரோகிராம் எதுவும் எழுத வேண்டாம், கட்டங்களை மவுஸால் இழுத்து இழுத்து வைத்தால் போதும். அன்றோடு அவள் வேலை முடிந்தது. எட்டு வருஷமாக அப்பாவேதான் பார்த்துக்கொண்டார்.

கோடையில் அந்தக் கம்பெனி கடையைக் கட்டப்போவதாக மெயில் அனுப்பியது. குறிப்பிட்ட தேதிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் எல்லாம் அழிக்கப்படும். சர்க்கார் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக மாறிய மனுஷருக்கு அது புதிதில்லை. இன்னொரு இலவச இடம் தேடிப் பிடித்தார். அங்கேயும் இழுத்து வைக்கிற வேலைதான். ஆனால் பழைய பக்கங்களை அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தார். காப்பி பண்ணிப் புது இடத்தில் ஒட்டினால் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தும் பவுண்டு குறியுமாகக் கொட்டியது. மாற்றித் தர ஒரு மென்பொருள் இருக்கிறது என்று ஜ்யோத்ஸ்னா சொன்னாள். அவர் கேட்கவில்லை. “ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கேட்டுண்டுதான் போடுவேன். ஆள் இருக்காரா இல்லையான்னு தெரியாம பேரை மட்டும் தூக்கிண்டு போய் வெச்சு என்ன பிரயோஜனம்?” என்றார். பாசிட்டிவ் பக்கங்கள் எல்லாம் குடிபோய்விட்டன. நெகட்டிவைக் கடைசிக்கு வைத்திருந்தார். பழைய இடம் முந்தாநாள் மூடிவிட்டது.

ஆனால் மூடுவதற்குள் அந்தப் பக்கத்தை அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்தார். ஜ்யோத்ஸ்னா அதைத் திறந்தாள். திரை நிறையத் தமிழ். எழுத்துக் கூட்டினாள். கா. த். த. வ. அவளுக்குத் தமிழ் பேச வரும். படிப்பதென்றால், பஸ் போர்டு படிக்கிற வேகம். பேர்களும் எண்களும் மட்டும் இருந்தால் சமாளித்திருப்பாள். ஒவ்வொரு பேருக்குக் கீழும் மூன்று நான்கு வரிக்கு அப்பா ஏதோ எழுதி வைத்திருந்தார். யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

கையிலிருந்த மொபைல் மறுபடி அடித்தது. வேணு. “மேடம், கெடைச்சுதா?”

“ரெண்டு நிமிஷம்,” என்றாள். திரும்பிப் பார்த்தாள். அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்கள் அவள் தோளை அணைத்துப் பிடித்திருந்தார்கள்.

“அம்மா.”

சுந்தரவல்லி நிமிர்ந்தாள்.

“இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். எனக்கு வரமாட்டேங்கறது.”

அம்மாவுக்கு அந்தப் பெட்டியே பிடிக்காது. சாப்பாடு ஆறுகிறது என்று எத்தனை சண்டை. ஜ்யோத்ஸ்னா கேட்டிருக்கக்கூடாதோ என்று நினைப்பதற்குள் அம்மா தோள்மேல் இருந்த கைகளை விலக்கிவிட்டு எழுந்துவிட்டாள். “சுந்தரா, எங்கே போறே?” என்று யாரோ கேட்டார்கள். அம்மா நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்து, சாப்பாட்டு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்காகக் கையை நீட்டினாள். மேஜைமேல் இருந்தது அப்பாவின் கண்ணாடி. அதையே போட்டுக்கொண்டாள்.

“ஓ நெகட்டிவ் எங்கே இருக்கு பாரு. முதல்ல அது.”

முதல் ஆளின் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது ஆள் வீட்டில் ஒரு அம்மாள் எடுத்து, அவர் திருச்சிக்கே போய்ச் செட்டிலாகிவிட்டார், சார் சௌக்கியமா என்று கேட்டாள். ஜ்யோத்ஸ்னா சௌக்கியம் என்றுவிட்டு வைத்தாள். வைத்த பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். அடுத்ததைப் படித்தாள்.

“காத்தவராயன். ராணுவம். கண்டோன்மென்ட். டூட்டியில் இருந்தால் எடுக்கமாட்டார். விடாமல் அடிக்கவும்.”

அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

“வேற யாராவது பாரும்மா.”

“ஓ நெகட்டிவ்ல இனிமே யாரும் இல்லை. விடாம அடிக்கச் சொல்லி எழுதிருக்காரே. அடி.”

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, மூச்சு வாங்கும் குரல் ஒன்று, “சார், சொல்லுங்க சார்! கிரவுண்டுல இருந்தேன்,” என்றது.

“நான் அவரோட பொண்ணு பேசறேன். ஒரு அவசரம். ஓ நெகட்டிவ். டெலிவரி கேஸ்.”

“எந்த ஆஸ்பத்திரிம்மா?”

அவள் சொன்னாள். வேணுவின் நம்பரையும் சொன்னாள்.

“சாப்ட்டுட்டுத்தாம்மா இருக்கேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல. சாகிப் கிட்ட பர்மிசன் கேட்டுட்டு இதோ கெளம்பறேன். சார் கிட்ட குடுங்களேன், போன மாசமே பேசணும்னு இருந்தேன்.”

“அப்பா…” என்றாள். “அப்பாவால இப்ப பேச முடியாது.”

“தூங்கறாருங்களா? சரி, இருக்கட்டும். எழுப்பாதீங்க.”

வேணுவுக்குச் சொன்னாள். பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

கஸ்தூரிரங்கன் மாமா அருகில் வந்து நின்றார். “ஆச்சோல்லியோ? போறும்மா. வல்லி, நீ வந்து உக்காரும்மா. எல்லாரும் வந்துண்டிருக்கா. பாத்தா என்ன நினைப்பா?”

அதற்குள் மொபைல் மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஹிந்தி. வயதான பெண் குரல். மகனுக்கு நாளைக்கு ஆபரேஷன், ஏபி நெகட்டிவ், பக்கத்து வீட்டு மதராஸி வெப்சைட்டில் பார்த்து இந்த நம்பரைக் கொடுத்தார், பேட்டா, தயவுசெய்து. ஜ்யோத்ஸ்னா மொபைலைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள். அம்மாவின் விரல் திரையில் மெதுவாக இறங்கியது. ஏபி நெகட்டிவ் ஒரே ஒருத்தர், நொய்டாவில். எண்ணை ஜ்யோத்ஸ்னா ஹிந்தியில் இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பெண் இரண்டு தடவையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“இது இப்படியே அடிச்சுண்டேதான் இருக்கும்,” என்றார் மாமா. “நான் சொல்றதைக் கேளு. ஆஃப் பண்ணிடலாம். பதிமூணு நாள் கழிச்சு எல்லாத்தையும் நிதானமாப் பாத்துக்கலாம்.”

“பதிமூணு நாளா?” என்றாள் அம்மா.

அவள் மாமாவைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆஃப் பண்ணிடலாம் அண்ணா. இந்தப் பக்கத்தைப் போட்டுட்டு ஆஃப் பண்ணிடலாம். ஜோ, நான் படிக்கறேன். நீ அடி.”

வெங்கி பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டான். டில்லியில் மூடுபனி விலகவில்லையாம், ஃப்ளைட் லேட். எவ்வளவு லேட் என்று யாருக்கும் தெரியவில்லை. “நான் வராம எடுத்துடாதீங்கோ,” என்றான். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஜ்யோத்ஸ்னா பால்கனிக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிகள் வெறும் நிழலாகத் தெரிந்தன. பொழுது சாய்வதற்குள் நிகம்போத் காட்டில் இருக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். மாமா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“தமிழ்ல அடிக்க எனக்கு வராதும்மா.”

“இங்கிலீஷ்லயே போடு. அப்பா ஒண்ணும் கோச்சுக்கமாட்டார்.”

அம்மா படித்தாள். ஜ்யோத்ஸ்னா அடித்தாள். பேர், ரத்தம், இடம், எண், பிறகு அப்பாவின் குறிப்பு. புதுப் பக்கம் சொல்பேச்சுக் கேட்பதாக இல்லை. ஒரு கட்டத்தை இழுத்து வைத்தால் மேலே இருக்கும் கட்டம் கீழே நழுவியது. எண்ணைத் தப்பாக அடித்துவிடுவோமோ என்று ஒவ்வொரு எண்ணையும் அம்மாவைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். ஒரு இலக்கம் மாறினால் போதும், எங்கேயோ ஒரு வேணு நடு ராத்திரியில் யாரோ ஒரு கடைக்காரனை எழுப்பிவிட்டு நிற்பான். நாலு பேர் அடித்து முடித்ததும், சேமிக்கவில்லை என்று ஞாபகம் வந்து பதறிச் சேமித்தாள்.

வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்பாவின் பழைய ஆபீஸ் மனிதர்கள், மந்திர் மார்க் ஸ்கூலில் அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர்கள். அப்பாவை ஒரு பிரதட்சிணம் வந்துவிட்டு, அம்மாவைத் தேடி, கம்ப்யூட்டர் முன்னால் கண்டுபிடித்துத் திகைத்தார்கள். ஒரு டீச்சர் வந்து அம்மாவின் முதுகில் கையை வைத்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தாள்.

“கருப்பசாமி. பி நெகட்டிவ். லோதி காலனி. சம்சாரம் எடுத்தால் ஆபீஸ் விஷயம் என்று சொல்லவும். ரத்தம் என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது.”

அம்மா நிறுத்தினாள். தோள் குலுங்கியது. ஜ்யோத்ஸ்னா பயந்துபோய்ப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் சத்தம் வந்துவிட்டது. ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள்.

“இதை நெட்டுல போட்டா அவ பாத்துடமாட்டாளா?” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இத்தனை வருஷமா எப்படிப் பாக்காம இருந்தா?”

“தமிழ்ல இருந்ததோன்னோ. அந்த ஃபாண்ட் இல்லாம அவாத்துக் கம்ப்யூட்டர்ல கொம்பு முளைச்ச இங்கிலீஷாத் தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப இதை இங்கிலீஷ்ல போடாதே. ‘ஆபீசுக்குப் போன் பண்ணவும்’னு மட்டும் போடு.” அம்மாவின் குரல் தன் சுபாவத்துக்கு வந்திருந்தது. பிறகு அது எப்படி வந்தது என்று அவளுக்கே உறைத்த மாதிரி சட்டென்று நின்றது. கண்ணாடியைக் கழற்றினாள். திரும்பி, ஹாலின் நடுவில் படுத்திருந்தவரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். ஜ்யோத்ஸ்னா சாவிப்பலகையில் வைத்த விரல்களை எடுக்காமல் காத்திருந்தாள்.

“அடுத்தது,” என்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

சில பேரை எடுத்துவிட வேண்டியிருந்தது. கவிப்ரியா, ஏ நெகட்டிவ். ‘கல்யாணமாகி சிங்கப்பூர், திரும்பி வந்தால் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்’ என்றிருந்தது. ஜெயசீலன் என்பவருக்குக் கீழே, ‘காலமானார். பிள்ளைக்கும் இதே குரூப். கேட்க வேண்டும், இப்போது வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். அம்மா அதைப் படித்துவிட்டு, “இதை விட்டுடு,” என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. ஃப்ளைட் கிளம்பிவிட்டது என்று வெங்கி மெசேஜ் அனுப்பியிருந்தான். காமாக்ஷி மாமி, கஸ்தூரிரங்கன் மாமாவின் மனைவி, மேலே போய்க் காப்பி போட்டு எடுத்துவந்து இரண்டு டம்ளர்களைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். அப்பாவை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. “சாப்பிடு,” என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். அம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். ஜ்யோத்ஸ்னா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குடித்ததற்காக வெட்கப்பட்டாள்.

அப்போது அப்பாவின் மொபைல் அடித்தது.

“அம்மா, நான்தான் காத்தவராயன். குடுத்தாச்சு. அதெல்லாம் டெஸ்ட்டு பண்ணி மேல வார்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்தத் தம்பிதான் பாவம், அழுதுகிட்டே நிக்குது. ஜூஸ் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். எனக்கு வாங்கிக் குடுக்க வேண்டியவன், நான் அவனுக்கு வாங்கிக் குடுத்தேன்.” சிரித்தார். “சார் முழிச்சுட்டாருங்களா?”

“இல்லை.”

“சரி. எழுந்தா குடுத்துட்டேன்னு சொல்லிருங்கம்மா. சார் அது தெரியுற வரைக்கும் வேற வேலை பாக்கமாட்டாரு.”

“சொல்றேன்,” என்றாள் ஜ்யோத்ஸ்னா.

மொபைலை வைத்துவிட்டு அவள் அப்பாவின் அருகே போனாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். தலைமாட்டு விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தது. அவள் குனிந்து போர்வையின் விளிம்பை, நகர வேண்டிய அவசியமே இல்லாத விளிம்பை, கொஞ்சம் மேலே இழுத்து விட்டாள். சற்று நேரம் அப்படியே குனிந்திருந்தாள். என்ன சொன்னாள் என்று அருகில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எத்தனை பேர் பாக்கி?”

“நாலஞ்சு பேர்தான்.”

வேணுவிடமிருந்து ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு மெசேஜ் வந்தது. ரத்தம் ஏறுகிறது, பிபி கூடியிருக்கிறது, ராத்திரி வரைக்கும் பார்க்க வேண்டும் என்கிறார்கள், சாருக்கு நன்றி. ஜ்யோத்ஸ்னா அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா, “கொழந்தை என்னன்னு எழுதலையே,” என்றாள்.

வெங்கி வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ஷூவை வாசலில் உதறிவிட்டு வந்தவன், அப்பாவின் காலடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். ஹால் முழுக்க மறுபடி அழுதது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையை நிமிர்த்தி அம்மாவைத் தேடினான். அம்மா அதற்குள் எழுந்து அவனருகில் போயிருந்தாள். அவன் கண் அவளைத் தாண்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜ்யோத்ஸ்னாவிடம் போயிற்று.

“என்ன பண்ணிண்டிருக்கே நீ அங்கே?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “அப்பா பாதில விட்டதுடா. இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி,” என்றாள்.

“அம்மா, ஆர் யூ சீரியஸ்? வாத்தியார் காத்துண்டிருக்கார், வெளியில வண்டி நிக்கறது…”

“தெரியும். ஒரே ஒரு ஆள்.”

வெங்கி மாமாவைப் பார்த்தான். மாமா காலையிலிருந்து இதைத்தான் சொல்கிறேன் என்பதுபோல் கையை விரித்தார்.

ஜ்யோத்ஸ்னா கடைசிப் பேரை அடித்தாள். பிறகு முகப்புப் பக்கத்துக்குப் போனாள். அங்கே, ‘நெகட்டிவ் பக்கம் வரும்வரை என்னை அழைக்கவும்’ என்று போட்டு அப்பாவின் பேரும் எண்ணும் இருந்தன. அதை அழிக்கவேண்டும். கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிறுத்தினாள்.

“இங்கே யாராவது ஒருத்தர் நம்பர் வேணும்மா. அழிச்சுட்டு வெறுமனே விடவா?”

“என் நம்பரைப் போடு,” என்றாள் அம்மா.

“உன் நம்பரா?”

“ஏன், எனக்குப் போன் எடுத்துப் பேசத் தெரியாதா?”

அடித்தாள். அம்மாவின் பேரை அடித்தபோது ஒரு எழுத்தை விட்டுவிட்டுத் திருத்தினாள். வெளியிடு என்கிற பொத்தானுக்கு மவுஸைக் கொண்டுபோன அதே நேரம் கரண்ட் போனது. ட்யூப் லைட் அணைந்து, கூடம் விளக்கின் வெளிச்சத்துக்கு மாறியது. மேஜைக்கடியில் யுபிஎஸ் கீச் கீச்சென்று அலற ஆரம்பித்தது. பழைய பேட்டரி. சமாளித்தால் ஒரு நிமிஷம், இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அழுத்தினாள். திரை நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. மோடத்தின் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. யாரோ, “அதை நிறுத்தேன்மா, காதைப் பொளக்கறது,” என்றார்கள். வட்டம் சுற்றியது. ஜ்யோத்ஸ்னா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அலறல் ஒரே நீளமான ஒலியாக மாறி, நின்றது. திரை கறுத்தது.

“போயிடுத்தா?” என்றாள் அம்மா.

“தெரியலை.”

“போட்டதெல்லாம் போயிடுத்தா?”

“தெரியலைம்மா. சேவ் ஆச்சு. வெளியில போச்சான்னு தெரியலை.”

அவள் குரல் உடைந்ததைக் கேட்டுத்தான் வெங்கி எழுந்தானோ என்னவோ. சட்டைப் பையிலிருந்து பிளாக்பெர்ரி மொபைலை எடுத்தான். “அட்ரஸ் சொல்லு,” என்றான்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவன் கட்டைவிரல்களால் அடித்துவிட்டுக் காத்திருந்தான். அம்மா அவன் ஒரு தோளுக்குப் பின்னால், ஜ்யோத்ஸ்னா இன்னொரு தோளுக்குப் பின்னால். மாமாவும் வந்து எட்டிப் பார்த்தார். முதலில் நீலப் பட்டை ஒன்று வந்தது. ரொம்ப நேரம் அது மட்டுமே இருந்தது. பிறகு தலைப்பு. பிறகு ஒவ்வொரு வரியாக, மேலிருந்து கீழே.

“கருப்பசாமி, லோதி காலனி. ப்ளீஸ் கால் ஆபீஸ் ஒன்லி,” என்று வெங்கி படித்தான். கீழே தள்ளிக்கொண்டே போனான். “காத்தவராயன். கீப் ரிங்கிங்.” அவன் நிறுத்திவிட்டு, “இதெல்லாம் யார் எழுதினது?” என்றான்.

அம்மா, “வந்துடுத்தா எல்லாம்?” என்று மட்டும் கேட்டாள்.

“வந்துடுத்து.”

அம்மா அப்பாவின் மொபைலை மேஜையிலிருந்து எடுத்தாள். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் ஜ்யோத்ஸ்னாவிடம் நீட்டினாள். ஜ்யோத்ஸ்னா அழுத்திப் பிடித்தாள். அது ஒரு சின்ன இசையை வாசித்துவிட்டு அணைந்தது.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாத்தியார் வெங்கியைக் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வரச் சொன்னார். அப்பாவின் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். புது வேஷ்டி சுற்றினார்கள். வாய்க்கரிசி போடும்போது அம்மாவின் கை அப்பாவின் உதட்டருகில் ஒரு கணம் அதிகமாகத் தங்கியது. பிறகு நாலு பேர் தூக்கினார்கள். படியில் திருப்பம் குறுகல். சாய்த்து, தூக்கி, மறுபடி நேராக்கி இறக்கும்போது மாமா, “மெதுவா, தலை, தலை,” என்று சொல்லிக்கொண்டே போனார். கீழே வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும்போது கேட்டருகில் யாரோ காய்கறி வண்டிக்காரனை, “பையா, ஹட்டோ, ஹட்டோ,” என்று விலக்கினார்கள்.

கரண்ட் இன்னும் வரவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அப்பா படுத்திருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

காமாக்ஷி மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்ரூமிலிருந்து வாளியோடு வந்தாள். “எல்லாரும் நகருங்கோ. அலம்பி விட்டுடறேன்,” என்றாள். வாளியை ஹாலின் நடுவில் சாய்த்தாள்.

தண்ணீர் நாலா பக்கமும் பரவி, தரை வாட்டத்துக்குப் பால்கனிப் பக்கம் ஓடி வந்தது. கம்ப்யூட்டர் பெட்டி மேஜைக்கடியில் தரையோடு தரையாக இருந்தது. ஜ்யோத்ஸ்னா பாய்ந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். வயர்கள் இழுத்துப் பிடித்தன. நிமிரவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

“காலைத் தூக்கிக்கோ ஜோ,” என்றாள் மாமி.

தூக்கிக்கொண்டாள். தண்ணீர் நாற்காலியின் கால்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மடியில் பெட்டி இன்னும் சூடாக இருந்தது. மாமி அடுத்த வாளி எடுத்துவரப் போனாள்.